பந்துக்குப் பணம் உண்டு, பந்தை எடுத்துத் தரும் ஆளுக்கு இல்லை

திருநெல்வேலி மாவட்டம் களக்காடு பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஊரில் 30 பேர் சேர்ந்து இளைஞர் மன்றம் வைத்திருக்கிறோம். கோயில் கொடைக்கு வரி பிரித்துக் கபடிப் போட்டி நடத்துவதோடு சரி. இளைஞர்களுக்கென்று அரசு கோடிக்கணக்கில் ஒதுக்குவதாகச் செய்தி வருகிறது. எங்களுக்கு இதுவரை எதுவும் வந்ததில்லை. அந்தப் பணம் எங்கே போகிறது? நாங்கள் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும்?"

தம்பி, நான் கல்லூரி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் பல வருடம் நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) அலுவலர் பொறுப்பையும் பார்த்தேன். கிராமத்தில் முகாம் போட்டிருக்கிறேன், ஒன்றிய ஆபீஸ் பெஞ்சில் காத்துக் கிடந்திருக்கிறேன், பில்லுக்கும் வவுச்சருக்கும் தணிக்கையில் பதில் சொல்லியிருக்கிறேன். அந்த அனுபவத்தையும், பட்ஜெட் புத்தகம் படிக்கும் பழக்கத்தையும் வைத்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் பணம் எவ்வளவு என்று பார்த்துவிடுவோம். 2025-26 மத்திய பட்ஜெட்டின் மொத்தச் செலவு சுமார் 50.65 லட்சம் கோடி ரூபாய். அதில் இளைஞர் விவகாரம், விளையாட்டு அமைச்சகத்துக்கு ஒதுக்கியது சுமார் 3,794 கோடி. நூறு ரூபாய் செலவில் ஏழரைப் பைசா. அதிலும் 1,000 கோடி, விளையாட்டு வளர்ச்சிக்கான கேலோ இந்தியா திட்டத்துக்கு. மிச்சத்திலும் கணிசமான பங்கு விளையாட்டு ஆணையத்துக்கும் சம்மேளனங்களுக்கும் போய்விடும். மைதானத்தில் பதக்கம் வாங்காத, வாங்கப் போவதும் இல்லாத சாதாரணப் பையனுக்கும் பெண்ணுக்கும் என்று மிஞ்சுவது மிகக் குறைவு.

மாநிலத்தில் இளைஞர் நலன், விளையாட்டு மேம்பாட்டுத் துறைக்கு 2024-25-இல் 440 கோடி, 2025-26-இல் 572 கோடி. இதிலும் ஸ்டேடியம், விடுதி, முதலமைச்சர் கோப்பை, வீரர்களுக்கு ஊக்கத்தொகை என்று விளையாட்டுப் பக்கம்தான் கை நீளம். துறையின் பெயரில் 'இளைஞர் நலன்' முன்னால் வருகிறது, செலவுப் பக்கத்தில் பின்னால் போய்விடுகிறது.

இதை மட்டும் பார்த்து 'அரசு எதுவும் செய்யவில்லை' என்று சொன்னால் அது தப்பு. இளைஞர்களுக்கான பெரிய பணம் 'இளைஞர்' என்ற தலைப்பில் இருக்காது, வேறு துறைகளில் சிதறிக் கிடக்கும். புதுமைப் பெண் திட்டம் சமூக நலத்துறையில் இருக்கிறது. 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கியது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் 2024 டிசம்பர் 30-இல் தூத்துக்குடியில் வைத்து அதை விரிவாக்கினார்கள். உதவி பெறும் பள்ளிகள் நிறைந்த நம் பகுதிக்கு இது பெரிய விஷயம். பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9-இல் வந்தது. 2024-25 பட்ஜெட்டில் முன்னதற்கு 370 கோடி, பின்னதற்கு 360 கோடி. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், அந்த ஆண்டு இளைஞர் நலத்துறையின் மொத்த ஒதுக்கீட்டைவிட அதிகம். என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் திண்டாடியதைக் கண்ணால் பார்த்தவன் நான். கையில் நேராக வரும் ஆயிரம் ரூபாயை 'இலவசம்' என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

மற்றவையும் இப்படித்தான். மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தரும் நான் முதல்வன் திட்டம் திறன் மேம்பாட்டுக் கழகத்தின் கையில். வேலையில்லாதோர் உதவித்தொகை வேலைவாய்ப்பு அலுவலகத்தில். பத்தாம் வகுப்பு தவறியவருக்கு மாதம் 200, தேறியவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. பதிந்து ஐந்து வருடம் காத்திருந்தால் மூன்று வருடம் வரும். அந்தத் தொகையில் இன்று ஒரு மாதத்துக்கு டீ குடிக்கலாம், அவ்வளவுதான். எட்டாம் வகுப்பு படித்தவர்கூடக் கேட்கக்கூடிய படித்த வேலையற்ற இளைஞர்கள் கடன் திட்டம் மாவட்டத் தொழில் மையத்தில் இருக்கிறது. 15 லட்சம் வரை தொழில் தொடங்கலாம், 25 சதவீதம் மானியம். திருநெல்வேலி பேட்டை அரசு ஐ.டி.ஐ.-யில் சேர்ந்தால் பஸ் பாஸோடு மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் வேலைவாய்ப்பு அலுவலகத்துத் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பில் உட்காரலாம்.

இவை எல்லாவற்றிலும் ஒரு பொது அம்சம் உண்டு. பணம் தனி ஆளுக்குப் போகிறது. ஆதார் எண், வங்கிக் கணக்கு, சான்றிதழ் என்று ஒவ்வொருவராகத் தகுதி காட்டி வாங்கிக்கொள்வது. உங்கள் மன்றம் என்பது 30 பேர் சேர்ந்து ஓர் இடத்தில் கூடுவது. அந்தக் 'கூடுவதற்கு' என்று பணம் எங்கே இருக்கிறது? அதுதான் உங்கள் கேள்வியின் அடி.

கொள்கை அளவில் மத்திய அரசு இதை மறந்துவிடவில்லை. நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இல், நேரு யுவ கேந்திரா 1972-இல் வந்தவை. தேசிய இளைஞர் கொள்கை 1988, 2003, 2014 என்று மூன்று முறை எழுதப்பட்டது. 2003-இல் இளைஞர் என்றால் 13 முதல் 35 வயது வரை. 2014-இல் 15 முதல் 29 வரை. நேரு யுவ கேந்திரா ஊர் ஊராக இளைஞர் மன்றம் அமைக்கவே உருவான அமைப்பு. 2023 அக்டோபர் 31-இல் 'மை பாரத்' என்ற புது அமைப்பு வந்தது. கேந்திராவும் இப்போது அந்தப் பெயருக்குள் போய்விட்டது. கேந்திராவின் கீழ் கிராமத்தில் வேலை செய்ய ஒன்றியத்துக்கு இரண்டு தேசிய இளைஞர் தொண்டர்கள் என்று ஒரு முறை வைத்திருந்தார்கள். மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம், அதிகபட்சம் இரண்டு வருடம். தென்காசி பிரிந்த பிறகு நம் மாவட்டத்தில் 9 ஒன்றியம், 204 ஊராட்சி. அப்படியானால் 204 ஊராட்சிக்கு 18 பேர். ஒருவர் தலையில் 11 ஊராட்சிக்கு மேல் விழுகிறது. உங்கள் ஊருக்கு அவர் வந்து போனதே உங்களுக்குத் தெரியாமல் இருந்தால் அதில் அவர் குற்றம் ஒன்றும் இல்லை.

ஊராட்சியிடம் கேட்கலாமே என்பீர்கள். கேட்க வேண்டும்தான். ஆனால் அங்கே ஒரு முடிச்சு இருக்கிறது, அதைப் புரிந்துகொண்டு போனால்தான் பேச்சு நகரும். 15-ஆவது நிதிக்குழு 2021-22 முதல் 2025-26 வரை ஊராட்சிகளுக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், சுகாதாரத்துக்கென்று கட்டப்பட்டது. மீதி 40 சதவீதத்தை ஊரின் தேவைக்கு ஏற்பச் செலவழிக்கலாம். ஆனால் சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் அதைத் தொடக்கூடாது என்று விதி. எம்.பி. தொகுதி நிதி ஆண்டுக்கு 5 கோடி, எம்.எல்.ஏ. தொகுதி நிதி 3 கோடி. அவை நிலைத்து நிற்கும் பணிகளுக்கு, அதாவது கட்டடம், காம்பவுண்டு, உடற்பயிற்சிக் கூடம் மாதிரி. நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். ஆதிதிராவிடர் வாழும் பகுதி என்றால் ஐந்தில் ஒரு பங்கு போதும். அதுவும் கட்டுமானம் மாதிரிப் பணிக்குத்தான். 2024-இல் 12,525 ஊராட்சிகளுக்கும் 86 கோடி செலவில் 33 வகை விளையாட்டுச் சாமான்கள் அடங்கிய தொகுப்பு வந்தது. வகுத்துப் பார்த்தால் ஊராட்சிக்குச் சராசரியாகச் சுமார் 68,600 ரூபாய்க்குப் பொருள். கிரிக்கெட் மட்டை, வாலிபால், வலை எல்லாம் நல்ல சாமான்கள்தான். அந்தத் தொகுப்பு உங்கள் ஊராட்சி ஆபீசில் எந்த அறையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

அதாவது கட்டடத்துக்குப் பணம் உண்டு, பந்துக்குப் பணம் உண்டு. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கதவைத் திறந்து, பந்தை எடுத்துக் கொடுத்து, சண்டை வந்தால் விலக்கி, எட்டு மணிக்கு எண்ணி உள்ளே வைத்துப் பூட்டும் மனுஷனுக்கு எந்தக் கணக்கிலும் பணம் இல்லை. நம் இளைஞர் கொள்கையின் மிகப் பெரிய ஓட்டை இதுதான் என்பது என் முடிவு.

இது ஏதோ படித்துத் தெரிந்துகொண்டது இல்லை. சேரன்மகாதேவிக்கும் முக்கூடலுக்கும் நடுவில், ஆற்றங்கரையை ஒட்டிய ஓர் ஊரில் ஏழு நாள் முகாம் போட்டோம். அப்போது சிறப்பு முகாமுக்கு ஒரு மாணவருக்கு 450 ரூபாய் கணக்கு. 50 பேருக்கு 22,500. ஆளுக்கு ஒரு நாளைக்கு 64 ரூபாய், அதில்தான் மூன்று வேளைச் சாப்பாடு, போக்குவரத்து, மண்வெட்டி வாடகை எல்லாம். அந்தப் பணமும் முகாம் முடிந்து மாதக்கணக்கில் கழித்துத்தான் வரும். அதுவரை மளிகைக் கடைக்காரர் பொறுத்துக்கொண்டதால்தான் எங்கள் முகாம்கள் நடந்தன.

அந்த ஊரில் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டிய நூலகம் ஒன்று இருந்தது. 2006-க்குப் பிறகு ஊராட்சி தோறும் எழும்பிய அந்தச் சின்னக் கட்டடங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பூட்டிக் கிடந்தது. சாவி எங்கே என்று விசாரித்து மூன்று வீடு அலைந்தோம். கடைசியில் பழைய பிரசிடெண்ட் வீட்டு உத்திரத்தில் சணல் கயிற்றில் தொங்கியது. பூட்டில் தேங்காய் எண்ணெய் விட்டுத் திறந்தால் வௌவால் புழுக்கை நாற்றம். புத்தகக் கட்டுகளில் பாதி, வந்த கயிறுகூட அவிழ்க்காமல் அப்படியே இருந்தன. கேரம் போர்டு ஈரத்தில் உப்பி நடுவில் மேடு தட்டியிருந்தது. வருகைப் பதிவேட்டில் இரண்டு வருடம் அழகான கையெழுத்தில் தேதி போட்டிருந்தது. பிறகு வெற்றுப் பக்கம். பிளஸ் டூ படித்த ஒரு பெண் சின்ன மதிப்பூதியத்துக்கு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஆகித் திருப்பூர் போனாள். அடுத்த ஆள் போடவில்லை. கதை அவ்வளவுதான்.

எங்கள் மாணவர்கள் கழுவிச் சுத்தம் செய்து, சாயங்காலம் திறந்து வைத்தார்கள். முதல் நாள் மேலத்தெருப் பையன்கள் திண்ணையின் ஒரு முனையில், கீழத்தெருப் பையன்கள் மறு முனையில். நடுவில் யாரும் உட்காரவில்லை. சிலர் மணிக்கட்டில் இருந்த கயிற்றின் நிறத்தைப் பார்த்தாலே எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம். நான்காம் நாள் கேரம் ஆட நாலு பேர் வேண்டியிருந்தது, ஒரு தெருவில் மூன்று பேர்தான் இருந்தார்கள். எங்கள் மாணவி ஒருத்தி மறுமுனையில் இருந்தவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் தயங்கி எழுந்து வந்தான். மேடு தட்டிய போர்டில் காய் நேராகப் போகாமல் வளைந்து போனதற்கு நாலு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். ஏழாம் நாள் நாங்கள் லாரி ஏறினோம். சாவி உத்திரத்துக்குப் போனது. இரண்டு மாதம் கழித்து அந்த வழியாகப் போனபோது இறங்கிப் பார்த்தேன். பூட்டில் மறுபடி துரு. மனசு கேட்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், நம் சீமையில் இளைஞர் சேவை என்பது பொழுதுபோக்கு விவகாரம் இல்லை. 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த பையன்களே சாதிப் பகையில் வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகுதான் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர்க் குழு அமைத்தார்கள். 2024 ஜூன் 18-இல் அறிக்கை கொடுத்தார். கயிறு, பொட்டு போன்ற சாதி அடையாளங்களைத் தடுப்பது, பள்ளிப் பெயர்களில் சாதியை நீக்குவது, சமூக நீதி மாணவர் படை அமைத்து அதற்கு அரசே செலவு செய்வது என்று பல பரிந்துரைகள். பள்ளிக்குள் என்ன செய்யலாம் என்பதை அக்கறையோடு எழுதிய அறிக்கை. ஆனால் பள்ளி நாலேகால் மணிக்கு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பையன் எங்கே நிற்கிறான், யாரோடு நிற்கிறான், அவன் கையில் கயிறு கட்டிவிடுவது யார்? பள்ளி விட்டதிலிருந்து தூங்கப் போகும் வரை உள்ள அந்த ஐந்து மணி நேரத்தை இன்று அக்கறையோடு கவனிப்பவர்கள் சாதிச் சங்கக்காரர்கள்தான். அவர்களிடம் ஆள் இருக்கிறது, இடம் இருக்கிறது, டீ வாங்கிக் கொடுக்கப் பணம் இருக்கிறது. அரசிடம் பூட்டிய நூலகம் இருக்கிறது.

ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கோவில்பட்டியைப் பாருங்கள். அங்கே ஹாக்கி பல தலைமுறையாக ஊறிய விளையாட்டு. அரசு அங்கே ஹாக்கி விடுதியும் செயற்கைப் புல்தரையும் கொடுத்தது. கூடவே தினமும் காலையும் மாலையும் நிற்கும் சம்பளப் பயிற்சியாளரையும் கொடுத்தது. 2022 ஆசியக் கோப்பை இந்திய அணியில் அங்கே பயிற்சி பெற்ற மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி செல்வம் இருவரும் ஆடினார்கள். புல்தரையை மட்டும் போட்டுவிட்டு ஆளைப் போடாமல் இருந்தால் அங்கே ஆடு மேய்ந்திருக்கும்.

சாதாரண கிராமத்தில் அப்படி ஆள் போட முடியுமா என்றால், முடியும். இந்த மாநிலமே செய்து காட்டியிருக்கிறது. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது, உள்ளூர்ப் பிள்ளைகளையே தன்னார்வலராகப் போட்டு, சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்த மாதம் 1,000 ரூபாய் கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலும் பெண்கள். கொரோனா கற்றல் இழப்புக்காக வந்த அந்த ஏற்பாட்டை 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் கொஞ்சம் மாற்றிக் கொண்டுவர என்ன தடை? 204 ஊராட்சிக்கும் ஊருக்கு இரண்டு பேர், ஆளுக்கு மாதம் 5,000 என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு இரண்டரைக் கோடிக்குக் கொஞ்சம் கீழே வருகிறது. ஒரே ஒரு எம்.எல்.ஏ.வின் ஓராண்டு நிதியைவிடக் குறைவு. பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. விதி இடம் கொடுக்கவில்லை என்றுதான் சொல்ல முடியும். விதியை மாற்றக் கேட்பது நம் உரிமை.

சரி, அதுவரை நீங்கள் என்ன செய்வது?

மன்றத்தைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் ஏழு பேர் இருந்தால் போதும். பதிவோடு பான் கார்டு, இரண்டு பேர் கையெழுத்துப் போடும் வங்கிக் கணக்கு. இது இல்லாமல் எந்த ஆபீசிலும் உங்கள் மனுவை வாங்கி மேசையில் வைப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். மை பாரத் தளத்திலும் பதிந்துவிடுங்கள், அதற்குச் செலவில்லை. உறுப்பினர் பட்டியலில் எல்லாத் தெருவும் வர வேண்டும், பெண்கள் வர வேண்டும். ஒரே தெருப் பையன்கள் 30 பேர் என்றால் அது மன்றம் இல்லை, அணி. இதை நான் அழுத்திச் சொல்வதற்கு மேலே சொன்னதுதான் காரணம்.

அடுத்து, விளையாட்டுத் தொகுப்பு. ஊராட்சி செயலரிடம் இருப்புப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் காட்டுவார்கள். மறுத்தால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. சாமான் பிரிக்காமல் கிடந்தால், மன்றத்தின் பொறுப்பில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள எழுதிக் கேளுங்கள்.

ஆள் சம்பளத்துக்கு இப்போதைக்குக் கண்ணுக்குத் தெரியும் வழி இரண்டு. ஒன்று, ஊராட்சியின் சொந்த வருமானம், வீட்டு வரி மாதிரி. பல ஊராட்சிகளில் தண்ணீர்த் தொட்டி இயக்குபவருக்கும் தூய்மைக் காவலருக்கும் கொடுக்கவே இழுபறி என்பதால் இது எல்லா ஊருக்கும் சரிப்படாது. இன்னொன்று கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி. கம்பெனிகள் சட்டம் 2013, 135-ஆம் பிரிவின்படி வரம்புக்கு மேல் லாபம் பார்க்கும் நிறுவனம் லாபத்தில் இரண்டு சதவீதத்தை இதற்கு ஒதுக்க வேண்டும். கிராம விளையாட்டுப் பயிற்சியும் தொழில் பயிற்சியும் அந்தப் பட்டியலில் உண்டு, பயிற்றுநர் ஊதியத்தைத் திட்டச் செலவில் காட்டலாம். கூடங்குளம் அணுமின் நிலையமும் கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையும் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. ஆனால் புது மன்றத்துக்கு நேராகப் பணம் தர மாட்டார்கள். இந்த நிதியை வாங்கத் தேவையான சி.எஸ்.ஆர்.-1 படிவப் பதிவும் மூன்று வருட அனுபவமும் கேட்பார்கள். அதனால் ஏற்கெனவே பதிவுள்ள ஓர் அறக்கட்டளையையோ கல்லூரியையோ சேர்த்துக்கொண்டு கேளுங்கள். பாளையங்கோட்டையில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை, தத்தெடுக்கக் கிராமம் தேடும் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களுக்கும் பஞ்சமில்லை.

எல்லாவற்றுக்கும் கிராம சபைத் தீர்மானம் வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு சபை. 30 பேரும் போங்கள், வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். 'இளைஞர் நலனுக்கு ஆவன செய்ய வேண்டும்' என்று பொத்தாம்பொதுவாக எழுத விடாதீர்கள். நூலகக் கட்டடமும் விளையாட்டுத் தொகுப்பும் தினமும் மாலை 5 மணி முதல் 8 மணி வரை திறந்திருக்க வேண்டும், அதற்கு வெவ்வேறு தெருக்களிலிருந்து இரண்டு பேர், ஒருவர் பெண், மாத மதிப்பூதியம் இவ்வளவு, மாவட்ட நிர்வாகம் நிதி வழி சொல்ல வேண்டும் என்று வரி வரியாக எழுதச் சொல்லுங்கள். நகல் வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.), மாவட்ட விளையாட்டு அலுவலர், ஆட்சியர் மூவருக்கும். தீர்மானத்துக்கு எண் போட்டுப் பதிவேட்டில் ஏறியதும் அந்தப் பக்கத்தை அங்கேயே போட்டோ எடுத்துவிடுங்கள். எந்த ஆபீசுக்குப் போனாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.